ஜெனீவாவில் பாக்கி பகுதி: மகளைத் தங்க வைக்கலாமா?

முத்தியால்பேட்டை அப்பா:
எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்கு ஜெனீவாவில் ஒரு சர்வதேச அமைப்பில் ஒரு வருடப் பயிற்சி கிடைத்திருக்கிறது. செப்டம்பரில் சேர வேண்டும். லிசே என்ற பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவள், அதனால் பிரெஞ்சு பற்றிக் கவலை இல்லை. பாக்கி என்ற பகுதியில், ரூ த பெர்ன் தெருவில் ஒரு வீட்டை உள்வாடகைக்குத் தர ஒருவர் முன்வந்திருக்கிறார். ரயில் நிலையமும் பக்கம், ஏரியும் பக்கம். ஆனால் பாரிஸில் இருக்கும் என் மச்சான், "அந்தத் தெருவா? பெண் பிள்ளையை அனுப்பாதே" என்கிறார். அதைக் கேட்டதிலிருந்து என் மனைவிக்குத் தூக்கம் இல்லை. அங்கே வாழ்ந்தவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

லாஸ்பேட்டை வாசகன்:
சார், அது சிவப்பு விளக்குப் பகுதி. வாடகை கூடினாலும் பரவாயில்லை, ஏரிக்கு அந்தக் கரையில் ஓ-வீவ் பக்கம் பாருங்கள்.

குருசுக்குப்பம் அக்கா:
அண்ணா, நான் பாக்கியில் குடியிருந்தவள். வேலை முடிந்து ராத்திரி பதினொரு மணிக்கு மேல் அந்தத் தெரு வழியாகத்தான் வீட்டுக்கு நடந்து போவேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உங்கள் மச்சான் சொன்னது பொய் இல்லை. சுவிட்சர்லாந்தில் பாலியல் தொழில் சட்டப்படி நடப்பது, ரூ த பெர்ன் தெருவில் அது கண்ணுக்குத் தெரியவே நடக்கும். போதை மருந்து விற்கிறவர்களும் முனைகளில் நிற்பார்கள். ஆனால் அதே தெருவில்தான் மளிகைக் கடை, முடி திருத்தும் கடை, எரித்ரியர் உணவகம் எல்லாம் இருக்கின்றன, குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கு நடக்கும் அம்மாக்களும் இருக்கிறார்கள். நள்ளிரவிலும் ஆள் நடமாட்டம் உண்டு. எனக்கு அதுதான் தைரியம். யாரும் என்னை வழிமறித்ததில்லை. கைப்பையை மட்டும் கவனமாகப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பாக்கியை அந்த ஒரு தெருவை வைத்து எடை போடாதீர்கள். அங்கிருந்து ஏரிப் பக்கம் சில நிமிடம் நடந்தால் பெரிய ஹோட்டல்கள் வரிசையாக நிற்கும். 1898இல் ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத்தைக் கூர் தீட்டிய அரத்தால் குத்தியது அந்தக் கரையில்தான். வடக்கே போனால் பலே வில்சன். 1920 முதல் 1936 வரை, ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்தின் தலைமையகமாக இருந்த கட்டடம், பின்னால் 1998இல் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் அங்கே வந்தது. அதைத் தாண்டினால் மோன் ரெப்போ பூங்கா, பெர்ல் த்யு லாக் பூங்கா. மகளின் அலுவலகம் ஐ.நா. பக்கம் என்றால் வெயில் நாளில் பூங்கா வழியாகவே நடந்து போகலாம். மழையானால் 15ஆம் நம்பர் டிராம்.

எனக்கு அங்கே எல்லாவற்றையும்விடப் பிடித்த இடம் பேன் தே பாக்கி. ஏரிக்குள் நீண்டு போகும் கல் கரையில் பொதுக் குளியல் துறை, அதன் முனையில் வெள்ளைக் கலங்கரை விளக்கம். அந்தக் குளியல் துறை 1872இல் மரத்தில் கட்டியது, 1932இல் கான்கிரீட்டில் எடுத்துக் கட்டினார்கள். எண்பதுகளில் நகராட்சி அதை இடித்துப் புதிதாகக் கட்டப் பார்த்தது. அக்கம்பக்கத்து ஜனங்கள் விடவில்லை. சங்கம் அமைத்து, கையெழுத்து வாங்கி, 1988இல் பொது வாக்கெடுப்பு வரை கொண்டுபோய் ஜெயித்தார்கள். இன்றும் அந்தச் சங்கம்தான் நடத்துகிறது. மதியம் அங்கே தட்டை ஏந்தி வரிசையில் நின்றால் உங்களுக்கு முன்னால் கோட்டு போட்ட வங்கி அதிகாரி, பின்னால் ராத்திரி வேலை முடித்து வந்த பெண். எல்லோருக்கும் அதே நீள மேசை, அதே அன்றைய சாப்பாடு. கோடையில் விடியற்காலை ஆறு மணிக்குக் கச்சேரி உண்டு. குளிர்காலத்தில் நீராவிக் குளியல், வாரத்தில் ஒரு நாள் பெண்களுக்கு மட்டும். துறைமுகம் கட்டிய பிறகு எங்கள் புதுச்சேரி குருசுக்குப்பத்தில் மணல் போய்க் கருங்கல் வந்ததைப் பார்த்தவள் நான். கரையை ஜனங்களே காப்பாற்றிக்கொண்ட ஒரு ஊர் என்று நினைத்தால் இன்றும் மனது நிறைகிறது.

குளிரைப் பற்றி ஒன்று. பீஸ் என்று வடகிழக்கிலிருந்து ஒரு காற்று வரும். ஜனவரியில் அது பலமாக அடித்தால் அலைத் தண்ணீர் தெறித்துக் கரையோரக் கம்பி, பெஞ்சு, மரக்கிளை எல்லாவற்றிலும் பனிக்கட்டியாக உறைந்து தொங்கும். 140 மீட்டர் உயரத்துக்கு எழும்பும் ழே தோ நீரூற்றையே அப்போது நிறுத்திவிடுவார்கள். காற்று புகாத மேல்கோட்டை அங்கே போய் வாங்கட்டும், இங்கே கிடைப்பது அந்தக் குளிருக்குத் தாங்காது.

இப்போது முக்கியமான விஷயம், வீடு. என் கவலை தெருவைவிட அந்த "உள்வாடகை" மேல்தான். கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் நிறுவனத்தை அங்கே ரெழி என்பார்கள். உள்வாடகைக்கு அந்த ரெழியிடமிருந்தோ வீட்டுக்காரரிடமிருந்தோ எழுத்தில் சம்மதம் இருக்கிறதா என்று கேளுங்கள். அது கைக்கு வராமல் ஒரு பிராங்க் கூட அனுப்பாதீர்கள். முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கச் சட்டம் இல்லை. தபால் பெட்டியில் மகளின் பெயர் ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் கடிதம் வராது. இன்னொன்று, ஜெனீவாவில் சமையலறையையும் ஓர் அறையாகவே எண்ணுவார்கள். இரண்டு அறை வீடு என்று சொன்னால் ஒரு அறையும் ஒரு சமையலறையும்தான்.

கடலூர் ஓ.டி. தம்பி:
அக்கா சொன்னது சரி. நான் இப்போது ஓ-வீவ் பக்கம் இருக்கிறேன். அமைதியான இடம்தான், ஆனால் வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. பாக்கியிலிருந்து மஞ்சள் படகு இந்தக் கரைக்கு வரும், பஸ் டிக்கெட்டே அதற்கும் செல்லும். இங்கே 2019இல் புதிதாக ஒரு கடற்கரை மாதிரி திறந்தார்கள். சில்வர் பீச்சில் வளர்ந்த எனக்கு அலை இல்லாத தண்ணீர் பழக நாளானது. தங்கச்சி நீந்துகிறவரா? ரோன் ஆறு ஏரியை விட்டு வெளியேறுகிற பாலத்துப் பக்கம் போக வேண்டாம், இழுப்பு அதிகம். கோடையில் ஏரியை விட்டு வந்ததும் குளித்துத் துடைத்துவிடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் உடம்பெல்லாம் அரிப்பு எடுக்கும்.

முத்தியால்பேட்டை அப்பா:
ரொம்ப நன்றிம்மா, நன்றி தம்பி. மனைவிக்கு முழுவதையும் படித்துக் காட்டினேன். சம்மதக் கடிதம் கேட்டு மகள் நேற்றே எழுதிவிட்டாள். வீடு நான்காவது மாடி, ஜன்னல் முற்றத்துப் பக்கம் என்கிறாள். அது நல்லதா?

குருசுக்குப்பம் அக்கா:
ரொம்ப நல்லது அண்ணா. தெருப் பக்கம் என்றால் வெள்ளி, சனி ராத்திரி சத்தத்தில் தூங்க முடியாது. லிஃப்ட் இருக்கிறதா, துணி துவைக்கும் மெஷின் கீழ்த்தளத்தில் எந்தக் கிழமை அவள் முறைக்கு வரும், இந்த இரண்டையும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.