2024 அமெரிக்க அதிபர் தேர்தல்: கடைசி வாரம் வரை முடிவெடுக்காமல் இருந்த அனுபவம்

எனக்கு ஓட்டு பென்சில்வேனியா மாநிலத்தில், பிட்ஸ்பர்க்குக்குத் தெற்கே, வாஷிங்டன் கவுண்டியில். 2016-ல் டிரம்ப் பென்சில்வேனியாவை ஏறத்தாழ 44,000 ஓட்டில் ஜெயித்தார்; 2020-ல் பைடன் ஏறத்தாழ 80,000 ஓட்டில். அதிபரைத் தேர்ந்தெடுப்பதில் மாநிலத்துக்கு உள்ள 19 எலெக்டோரல் ஓட்டுகள் இப்படி ஊசலாடுவதால், 2024-ல் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டாத நாளே இல்லை. நான் எந்தக் கட்சியிலும் பதியாதவள் என்பதால் வருகிறவர்கள் லேசில் விடமாட்டார்கள்.

பேச்சு எடுத்ததுமே ஃபிராக்கிங்தான், அதாவது நிலத்தடிப் பாறையை உடைத்து எரிவாயு எடுப்பது. 2019-ல் அதைத் தடை செய்வேன் என்ற ஜனநாயகக் கட்சி வேட்பாளர் கமலா ஹாரிஸ், 2024-ல் மாட்டேன் என்றார். பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் நிலத்தின் எரிவாயுவைக் குத்தகைக்கு விட்டு ராயல்டி வாங்குகிறவர். ஹாரிஸின் பேச்சை அவர் நம்பவில்லை. ஆனால் அவர் மனைவிக்கு மறதி நோய். ராப்பகலாக அவர்தான் பார்த்துக்கொள்கிறார். அக்டோபரில், வீட்டிலேயே வைத்துப் பராமரிக்கும் செலவை மெடிகேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) ஏற்கும்படி செய்வேன் என்று ஹாரிஸ் அறிவித்ததும் மனிதர் தவித்துப்போனார். வேலியோரம் நின்று, "வருமானத்தைப் பார்ப்பதா, இவளைப் பார்ப்பதா?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அந்தக் கேள்வி மனதை விட்டுப் போகாததால் உட்கார்ந்து படித்தேன். தனியார் நிலத்தில் ஃபிராக்கிங்கை அதிபர் தானாகத் தடை செய்ய முடியாது. காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், சட்டம் போட வேண்டும். மெடிகேரை விரிப்பதும் அப்படியே. பெரியவர் பயந்ததும் சரி, ஆசைப்பட்டதும் சரி, வெள்ளை மாளிகை மட்டும் முடிவு செய்கிற விஷயமே இல்லை.

அப்புறம் ஒவ்வொரு வாக்குறுதியையும் இப்படித்தான் பார்த்தேன். முதல் வீடு வாங்குவோருக்கு ஹாரிஸ் சொன்ன 25,000 டாலர் வரையிலான உதவிக்குக் காங்கிரஸ் வேண்டும். டிப்ஸுக்கு வரி கிடையாது என்று இருவருமே சொன்னதற்கும் வேண்டும். இங்கே படித்துப் பட்டம் பெறுவோருக்கு கிரீன் கார்டு என்று டிரம்ப் ஜூனில் ஒரு பாட்காஸ்டில் சொன்னபோது, வரிசையில் காத்திருக்கும் என் தம்பி அவ்வளவு சந்தோஷப்பட்டான். ஆனால் ஆண்டுதோறும் தரும் கிரீன் கார்டுகளில் ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற உச்சவரம்பு சட்டத்திலேயே இருக்கிறது. அதை அவனிடம் சொல்ல எனக்கு மனசே வரவில்லை.

இறக்குமதி வரி அப்படியல்ல. 2018-ல் டிரம்ப் எஃகுக்கு 25 சதவீதம் போட்டபோது காங்கிரஸில் ஓட்டெடுப்பே நடக்கவில்லை. அதனால் எல்லா நாட்டுப் பொருளுக்கும் 10 முதல் 20, சீனப் பொருளுக்கு 60 சதவீதம் என்று அவர் சொன்னதை, சொன்னபடி செய்யக்கூடியது என்றே எடுத்துக்கொண்டேன். என் வாசலுக்கு வந்த யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை என்பது இன்றும் எனக்கு வருத்தம். பிட்ஸ்பர்க்கின் யு.எஸ். ஸ்டீல் நிறுவனத்தை ஜப்பானின் நிப்பான் ஸ்டீலுக்கு விற்கக்கூடாது என்பதில் அப்போது இருவரும் ஒரே பக்கம், ஆகவே அதை வைத்துத் தேர்ந்தெடுக்க வழியில்லை.

கடைசி வாரம் ஹாரிஸுக்கு ஓட்டுக் கேட்டு ஒரு கல்லூரி மாணவி வந்தாள். "காங்கிரஸின் மேலவையான செனட் உங்கள் கட்சி கையில் இல்லாவிட்டால் இதெல்லாம் நடக்குமா?" என்றேன். "பாதிகூட நடக்காது. அதனால்தான் செனட்டுக்கு நிற்கும் எங்கள் கேசியையும் சேர்த்துக் கேட்கிறோம்" என்றாள். வந்தவர்களில் எனக்கு உண்மையாகப் பயன்பட்டவள் அவள்தான். பென்சில்வேனியாவில் ஒரே குறியில் கட்சிக்கு மொத்தமாக ஓட்டுப்போடும் வசதியை 2019-ல் எடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு பதவிக்கும் தனியாகக் குறிக்க வேண்டும். தனியாளாகச் செய்யக்கூடியதை வைத்து அதிபரையும், சட்டம் தேவைப்படுவதை வைத்து, செனட்டுக்கு கேசியா, அவரை எதிர்த்த குடியரசுக் கட்சியின் மக்கார்மிக்கா என்பதையும் முடிவு செய்தேன்.

இதேபோல் ஊசலாடும் மிச்சிகன், ஜார்ஜியா, அரிசோனா மாநிலங்களில் இருப்பவர்களே, உங்கள் வாசலுக்கு வந்தவர்கள் எதைப் பற்றிப் பேசினார்கள்? எதைப் பேசாமல் விட்டார்கள்?