புதுப்பிப்பு: கடற்கரை மேடையில் பேஸ் கிட்டார் கேட்காத பிரச்சினை தீர்ந்தது

பதில் தந்த எல்லோருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் திறந்தவெளியில் வாசிக்கும்போது ட்ரம்ஸும் கீபோர்டும் என் பேஸை விழுங்கிவிடுகின்றன, 500 வாட் ஆம்ப்ளிஃபையரை (ஆம்ப்) விற்றுவிட்டுப் பெரிதாக ஒன்று வாங்கவா?

ஆம்பை மாற்றவில்லை. இருக்கிற 8 ஓம் மின்தடையுள்ள கேப் (ஸ்பீக்கர் பெட்டி) மாதிரியே இன்னொன்றைச் சேர்க்கச் சொன்னவரின் யோசனைதான் பலித்தது. இரண்டையும் பேரலலாக இணைத்தால் மொத்தம் 4 ஓம். என் ஆம்பின் 500 வாட் முழுதாக வருவது அந்த 4 ஓமில்தான். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியதில் மேல் ஸ்பீக்கர் காதுக்கு நேராக வந்தது, அதுவே பாதி வெற்றி. வாங்குமுன் ஆம்பின் பின்பக்கம் அது தாங்கும் குறைந்தபட்ச ஓம் எவ்வளவு என்று பாருங்கள். இணைக்க ஸ்பீக்கர் கேபிள்தான், கிட்டார் கேபிள் கூடாது.

ஆம்பில் மிட்டை (நடுத்தர அலைவரிசை ஒலியை) கொஞ்சம் ஏற்றச் சொன்னதும் சரி. பேஸ் குமிழை எவ்வளவு திருகினாலும் கடற்கரையில் எடுபடாது, சுவரே இல்லையே.

எதிர்பாராதது: டவுனில் ஒரு கல்யாண மண்டபத்துக்குள் அதே செட்டிங் ‘கும்’மென்று முழங்கி, பாடகர் திரும்பி முறைத்தார். அங்கே ஒரு கேப் போதும். அப்புறம், உப்புக்காற்றில் நிக்கல் தந்திகள் சீக்கிரம் கறுத்துவிடுவதால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாறிவிட்டேன். கிட்டார் கழுத்தில் குறுக்கே இருக்கும் ஃப்ரெட் கம்பிகள் கொஞ்சம் வேகமாகத் தேயும், பரவாயில்லை.