தலையில் யூடிஎஃப்-8, உள்ளே டிஸ்கி: எதை நம்புவது?

பழங்கோப்பு:
2001-இல் நின்றுபோன ஒரு சிற்றிதழின் எச்டிஎம்எல் கோப்புகளைச் சேமித்து வருகிறேன். எழுத்துகளை எந்த எண்முறையில் (குறியேற்றத்தில்) சேமித்தார்கள் என்று அறிவிக்கும் வரியில், எல்லாவற்றின் தலையிலும் யூடிஎஃப்-8, அதாவது இன்றைய யூனிகோடு முறை, என்று இருக்கிறது. திறந்தால் பாதிக் கோப்புகளில் கறுப்புக் கட்டத்துக்குள் கேள்விக்குறிதான். உள்ளே இருப்பது டிஸ்கி, யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழுக்கு இருந்த ஒரு குறியேற்றம். யாரோ தலைப்பு வரியை மட்டும் மொத்தமாக மாற்றியிருக்கிறார்கள். அறிவிப்பை ஒதுக்கிவிட்டு, பைட்டை (கோப்பில் உள்ள 0 முதல் 255 வரையான எண்களை) பார்த்து மென்பொருளே திருத்திக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி.

மூலமே_முக்கியம்:
கூடவே கூடாது. தரவுக் கோப்புகளுக்கான எக்ஸ்எம்எல் வடிவத்தில் அறிவிப்பும் உள்ளடக்கமும் முரண்பட்டால் பிழை என்று சொல்லி நிறுத்திவிட வேண்டும். அதுதான் நேர்மை. தானாகத் திருத்தும் கருவியால் எங்கள் ஆண்டு மலரே போனது. யூடிஎஃப்-8 கோப்பை அது விண்டோஸ்-1252 (மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான, எழுத்துக்கு ஒரு பைட் குறியேற்றம்) என்று ஊகித்து, மறுபடி யூடிஎஃப்-8 ஆக்கிச் சேமித்துவிட்டது. புள்ளியின் மூன்று பைட்டுகள் 224, 175, 141. உகரக் குறிக்கு 224, 175, 129. விண்டோஸ்-1252-இல் 141-க்கும் 129-க்கும் எழுத்தே கிடையாது, அதனால் கருவி இரண்டையும் தூக்கிப் போட்டுவிட்டது. திருப்பி மாற்றினால் இரண்டு இடத்திலும் 224, 175 மட்டும் மொட்டையாக நிற்கிறது. அங்கே இருந்தது புள்ளியா உகரமா என்று கோப்பைக் கேட்டால் சொல்லாது. 60 பக்கத்தை அச்சுப் பிரதியோடு ஒப்பிட்டுக் கையால் சேர்த்தோம்.

பழங்கோப்பு:
படிக்கவே வலிக்கிறது. ஆனால் அந்தக் கருவி பைட்டைப் பார்க்கவில்லையே! பார்த்திருந்தால் ஏமாந்திருக்காது. யூடிஎஃப்-8-இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 224-இல் தொடங்கும், அடுத்தது 174 அல்லது 175. பத்து வரி அப்படி வந்தால் அதில் சந்தேகத்துக்கு இடமில்லை. டிஸ்கி அந்த அமைப்பில் பொருந்தாமல் முதல் வரியிலேயே மாட்டிக்கொள்ளும். அப்புறம், உலாவிகளும் அறிவிப்பை அப்படியே நம்புவதில்லை. ஐஎஸ்ஓ-8859-1 (அதே மொழிகளுக்கான இன்னொரு குறியேற்றம்) என்று எழுதினால் விண்டோஸ்-1252 என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது இன்றைய எச்டிஎம்எல் விதி. அத்தனை பேர் தவறாக எழுதியிருந்தார்கள்.

யாழ்வாசகி:
அண்ணா, உங்கள் சோதனையில் பாமினி தேறிவிடுமே, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த அந்தப் பழைய எழுத்துரு. எங்கள் பக்கத்துப் பழைய கோப்புகள் பெரும்பாலும் பாமினிதான். அதில் 'தமிழ்' என்பது ஆங்கில விசையில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. எல்லாம் 128-க்குக் கீழே. யூடிஎஃப்-8 என்று அறிவித்தால் விதிப்படி அது சரியான யூடிஎஃப்-8தான், ஒரு பிழைகூட வராது. திரையில் வருவது மட்டும் தமிழ் இல்லை.

மூலமே_முக்கியம்:
இதைத்தான் சொல்கிறேன். அங்கே பைட்டும் பொய் சொல்லவில்லை, அறிவிப்பும் பொய் சொல்லவில்லை. எழுத்துரு எது என்று தெரிந்த ஒரு ஆள்தான் வேண்டும்.

பழங்கோப்பு:
பாமினியை நான் யோசிக்கவே இல்லை, ஒத்துக்கொள்கிறேன். டிஸ்கிக்கு மட்டும் என் வழியை விடமாட்டேன், ஆயிரக்கணக்கான கோப்புகளைக் கையால் பார்க்க முடியாது. ஆனால் மாற்றியதை வேறு பெயரில்தான் சேமிப்பேன், மூலத்தைத் தொடமாட்டேன்.

மூலமே_முக்கியம்:
அப்படியென்றால் சரி. மாற்றிய கோப்பில் எதிலிருந்து மாற்றினீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள்.

யாழ்வாசகி:
பிழை வராமல் ஆங்கில எழுத்தாகத் தெரிகிறவற்றைத் தனியாக எடுத்து எனக்கு அனுப்புங்கள் அண்ணா. பாமினியை அப்படியே வாசித்துப் பழகியவள் நான்.