முன் டயர் உள் ஓரம் மட்டும் தேய்கிறது, மிஷினில் எல்லாம் பச்சை

மதுரைக்காரன்:
2015 ஸ்விஃப்ட், டீசல். முன் இடது டயரின் உள் ஓரம் மொட்டையாகி வருகிறது. வெளியிலிருந்து பார்த்தால் பட்டன் (தரையில் படும் ரப்பர் கட்டைகள்) நன்றாக இருக்கிறது. ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பியபோதுதான் கண்ணில் பட்டது. அலைன்மென்ட் (சக்கரக் கோணங்களை அளந்து சரிசெய்வது) கடையில் மிஷின் பச்சை காட்டுகிறது, எல்லாம் சரி, டயரை மாற்றுங்கள் என்கிறார்கள். புது டயரும் இப்படியே போனால்? பிரேக் பிடித்தால் லேசாக இடது பக்கம் இழுக்கிறது.

நெடுஞ்சாலை:
காற்று பார்த்தீர்களா? குறைவாக இருக்கும்.

பழைய மெக்கானிக்:
காற்று குறைந்தால் இரண்டு ஓரமும் தேயும், கூடினால் நடுவில் தேயும். ஒரே ஓரம் என்றால் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் கோணம்) அல்லது கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்). உள்ளங்கையால் பட்டனைக் குறுக்கே இரு திசையிலும் தடவுங்கள். ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் மறுபக்கம் ரம்பம் போலவும் இருந்தால் டோ. டயருக்குள் இருக்கும் கம்பி வெளியே தெரிந்தால் கை வைக்க வேண்டாம்.

மதுரைக்காரன்:
ரம்பம்தான் அண்ணே. ஆனால் ரிப்போர்ட்டில் டோ சரியாக இருக்கிறதே?

பழைய மெக்கானிக்:
மிஷின் அளப்பது நிற்கிற வண்டியை. லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியோடு கீழே இணைக்கும் கை) புஷ், அதாவது அதன் ரப்பர் மூட்டு, கிழிந்திருந்தால், நிற்கும்போது எண் சரியாக வரும். பிரேக் அழுத்தியதும் சக்கரம் பின்னால் தள்ளிப்போய் டோ மாறிவிடும். இழுக்கிறது என்றீர்களே, அதனால்தான் சந்தேகம். காலிப்பர் (பிரேக் பேடை அழுத்தும் பாகம்) சிக்கினாலும் இழுக்கும். ஓட்டி நிறுத்தியதும் ஒரு ரிம் மட்டும் கொதித்தால் அதைப் பாருங்கள்.

ஜாக்கியோடு ஸ்டாண்டும் வைத்துத் தூக்கி, சக்கரத்தை இட வலமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பெரும்பாலும் டை ராட் எண்டு (ஸ்டியரிங் கம்பி சக்கரத்தோடு சேரும் முனை). மேல் கீழாகப் பிடித்து ஆட்டும்போது ஆடினால் பால் ஜாயின்ட் (லோயர் ஆர்ம் முனையில் உள்ள உருண்டை மூட்டு) அல்லது பேரிங். புஷ்ஷைக் கம்பியால் நெம்பித்தான் பார்க்க வேண்டும், அதை மெக்கானிக்கிடம் விடுங்கள்.

அப்புறம் ஒன்று. இந்த வண்டியில் முன்பக்கம் டோ மட்டும்தான் திருகி மாற்றலாம். கேம்பர் தள்ளியிருந்தால் ஏதோ வளைந்திருக்கிறது. ஜாக்கி கொடுத்து வளைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

மதுரைக்காரன்:
இடது புஷ் பாளம் பாளமாக வெடித்திருந்தது. இரண்டு பக்கமும் ஆர்ம் மாற்றி அலைன்மென்ட் செய்தாகிவிட்டது, இழுப்பது நின்றுவிட்டது. பழைய டயரைப் பின்னால் மாற்றிப் போடலாமா?

பழைய மெக்கானிக்:
உள் ஓரப் பள்ளத்தில் 1.6 மி.மீ. அடையாளக் கட்டையோடு பட்டன் சமமாகிவிட்டதா? அப்படியானால் பின்னாலும் வேண்டாம், ஸ்டெப்னிக்கும் வேண்டாம். முன்னால் ஜோடியாகவே மாற்றுங்கள். புது டயர் போட்ட முதல் மாதம் உள் ஓரத்தை அடிக்கடி பாருங்கள்.