நீர் உறையும் கணிப்பு: உறைமுகம் ஏன் இவ்வளவு முன்னே ஓடுகிறது?

கேள்வி:
ஒரு பரிமாண மாதிரி. நீர் முழுக்க 0° செ., இடது முனை −10° செ.-இல் நிலையாக இருக்கிறது. உள்ளுறை வெப்பத்தை (உறையும்போது வெளியேறும் வெப்பம், 334 கி.ஜூல்/கி.கி.) −0.2 முதல் 0 வரையிலான இடைவெளியில் பரப்பி, தன்வெப்பத்தோடு சேர்த்திருக்கிறேன். செல் (கணக்குக்காகப் பிரித்த துண்டு) 1 மி.மீ., இம்ப்ளிசிட் முறை (புதிய வெப்பநிலைகளை ஒரே சமயத்தில் சமன்பாடுகளாகத் தீர்ப்பது), நேரப்படி 60 நொடி. உறைமுகம் (பனிக்கட்டியும் நீரும் சந்திக்கும் எல்லை) மிக வேகமாக நகர்கிறது. நேரப்படியை மாற்றினால் விடையும் மாறுகிறது, இடைவெளியைக் குறைத்தால் இன்னும் மோசம். எங்கே தவறு?

மறுமொழி 1:
உள்ளுறை வெப்பம் கணக்கில் விழாமலே போகிறது. அந்த இடைவெளிக்குள் தன்வெப்பம் (கி.ஜூல்/கி.கி./டிகிரி) சுமார் 1672, வெளியே, பனிக்கட்டியில், வெறும் 2.1. ஒரு செல் ஒரே படியில் 0-இலிருந்து −0.5-க்குத் தாவினால், புதிய வெப்பநிலைக்கான 2.1 மட்டுமே சமன்பாட்டில் நுழையும். ஒரு சதுர மீட்டருக்கு 306 கி.ஜூல் அப்படியே காணாமல் போகும். உங்கள் முதல் 60 நொடியில் மட்டும் கிட்டத்தட்ட 3 மி.மீ. உறைய வேண்டும், அதாவது மூன்று செல்கள் ஒரே படியில். தாவாமல் எப்படி இருக்கும்?

இந்த முறையை ஒட்டுப்போட்டுக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். என்தால்பியையே (ஒரு கிலோவில் உள்ள மொத்த வெப்பம், உள்ளுறை வெப்பமும் சேர்த்து) மாறியாக வையுங்கள். 0° பனிக்கட்டிக்கு என்தால்பி 0 என்று கொண்டால், குறை எண் வந்தால் அது திடம்; வெப்பநிலை = என்தால்பி ÷ 2.1. 0 முதல் 334 வரை வெப்பநிலை 0. அதற்கு மேல் திரவம். வெப்ப ஓட்டத்தை வைத்து முதலில் என்தால்பியைப் புதுப்பித்து, பிறகே வெப்பநிலையை எடுங்கள். எவ்வளவு தாவினாலும் ஆற்றல் தொலையாது.

எக்ஸ்ப்ளிசிட் முறையே (பழைய மதிப்புகளிலிருந்து அடுத்த படியை நேரடியாகக் கணிப்பது) போதும். நிலைப்பு எல்லை (நேரப்படி இதைத் தாண்டினால் கணக்கு சிதறும்) சுமார் 0.44 நொடி. சுவரை ஒட்டிய செல்லின் மையம் அரை மி.மீ. தூரத்தில்தான் இருக்கிறது, அதனால் 0.25 நொடி வையுங்கள். ஒரு மணி நேரத்துக்கு 14,400 படிகள், நொடிகளில் முடிந்துவிடும்.

மறுமொழி 2:
சரிபார்க்கத் துல்லியமான தீர்வே இருக்கிறது. ஸ்டெஃபான் எண் (பனிக்கட்டியைக் குளிர்விக்கும் வெப்பத்துக்கும் உள்ளுறை வெப்பத்துக்கும் உள்ள விகிதம்) = 2.1 × 10 ÷ 334 = 0.063, அதிலிருந்து லாம்டா (உறைமுகத்தின் வேகத்தைத் தீர்மானிக்கும் எண்) 0.1755. பனிக்கட்டியின் வெப்பப் பரவல்திறன் 1.14 × 10⁻⁶ ச.மீ./நொடி என்று எடுத்தால், தடிமன் 1 மணியில் 22.5 மி.மீ., 4 மணியில் 45 மி.மீ. இரண்டும் பொருந்த வேண்டும். நேரம் நான்கு மடங்கானால் தடிமன் இரண்டு மடங்கு என்பதுதான் நல்ல சோதனை.

உறைமுகத்தை செல் எண்ணை வைத்து அளக்காதீர்கள், படிக்கட்டு மாதிரி வரும். பாதி உறைந்த செல்லில் என்தால்பி ÷ 334 தான் திரவப் பங்கு. மீதிப் பங்கை முழுதாக உறைந்த செல்களோடு கூட்டுங்கள். வெப்பநிலை வரைபடத்தில் சின்னச் சின்னப் படிகள் அப்போதும் தெரியும். அது இந்த முறையின் இயல்பு, செல்லைச் சிறிதாக்கினால் குறையும்.

மறுமொழி 3:
கடத்துத்திறனையும் கவனியுங்கள். பாதி உறைந்த செல்லுக்குத் திரவத்தின் 0.56-ஐக் (வாட்/மீ./டிகிரி) கொடுத்து, பனிக்கட்டியின் 2.2-உடன் இசைச் சராசரி (தலைகீழ்களின் சராசரியின் தலைகீழ்) எடுத்தால், அந்த இரு செல்களுக்கு இடைப்பட்ட முகத்தில் 0.89 தான் கிடைக்கும். இப்போது உறைமுகம் தேவைக்கு மேல் மெதுவாகும், அதுவும் தொடக்கத்தில்தான் அதிகம். இந்தக் கணக்கில் நீர்ப்பக்கம் வெப்ப ஓட்டமே இல்லை, எனவே அந்த முகத்துக்கு 2.2-ஐயே கொடுங்கள். நீர் 0-க்கு மேல் இருந்தால் மட்டும் கிர்க்காஃப் உருமாற்றத்துக்குப் (கடத்துத்திறனின் மாற்றத்தை மாறிக்குள்ளேயே அடக்கும் முறை) போகலாம்.