நுவரெலியா டவுனுக்குக் கிட்ட அம்மாவோடு நடக்க ஒரு காடு?

ஹட்டன் தம்பி:
டிசம்பர் லீவுக்கு நுவரெலியா வருகிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி, ஏற்றம் ஏற மாட்டார். மகனுக்குக் கல் என்றால் உயிர். போகிற இடமெல்லாம் பொறுக்கிக் காற்சட்டைப் பையை நிரப்பிவிடுவான். டவுனுக்குக் கிட்ட லேசாக நடக்கக்கூடிய காடு இருக்கிறதா? அந்தக் காலத்தில் அங்கே மாணிக்கம் தோண்டினார்கள் என்று எங்கள் தாத்தா சொல்வார். உண்மையா?

ஹாவாஎலிய அக்கா:
கல்வேஸ்லேண்டுக்குப் போங்கள் தம்பி. டவுனிலிருந்து ரெண்டு கிலோமீட்டர் அளவுதான், த்ரீவீலிலேயே வாசல்வரை போகலாம். 1938இல் சரணாலயம் ஆக்கி, 2006இல் தேசியப் பூங்காவாக உயர்த்தினார்கள். முழுக் காடும் முப்பது ஹெக்டேயருக்குள் அடங்கிவிடும். அம்மா ஆறுதலாக நடக்கட்டும்.

நீங்கள் வருவது நல்ல காலம். வடக்கிலிருந்து குளிருக்கு வரும் பறவைகள் அப்போது இங்கேதான் இருக்கும். பாதையோரம் காய்ந்த இலை தானாகத் துள்ளுவது மாதிரித் தெரிந்தால் அப்படியே நின்றுவிடுங்கள். ஆறுமணிக்குருவி அலகால் இலையைப் புரட்டிப் புழு தேடுகிறதாக இருக்கும். பச்சை முதுகு, வாலடியில் நல்ல சிவப்பு. பேச்சுச் சத்தம் கேட்டால் ஓடி ஒளிந்துவிடும், மகனிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

தாத்தா சொன்னது உண்மைதான். 1840களின் பிற்பகுதியில் இங்கே குடியேறிய சாமுவேல் பேக்கர், நுவரெலியாப் புல்வெளிகளில் கண்டி மன்னர் காலத்துப் பழைய மாணிக்கக் குழிகளைப் பார்த்து எழுதியிருக்கிறார். தேயிலைக்கு முன்பே இந்த மண்ணை ஆட்கள் கிண்டியிருக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு இதை யாராவது சொல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

மலைப்பாறை இற்றுப்போகும்போது உள்ளே இருக்கும் கற்கள் கழன்று நீரோடு இறங்கும். பாரமானவை பள்ளத்தில் தங்கிவிடும், மேலே சேறும் களியும் மூடும். அந்தச் சரளைப் படையைத்தான் குழிக்காரர்கள் 'இல்லம்' என்பார்கள். அதை அள்ளிக் கூடையில் போட்டு, தண்ணீரில் சுழற்றி அரிப்பார்கள். சாதாரண வெள்ளைக்கல் லேசு, அது வெளியே போய்விடும். நீல மாணிக்கமும் சிவப்பு மாணிக்கமும் அதைவிட ஒன்றரை மடங்கு பாரம், அடியில் நின்றுவிடும்.

பூங்காவுக்குள் மகன் ஒரு கல்கூட எடுக்கக் கூடாது. ஊருக்குப் போய் ஓடை மணலை ஒரு தட்டில் போட்டுச் சுழற்றிக் காட்டுங்கள். கடைசியில் பாரமான கறுப்பு மணல் நடுவில் நிற்கும், அவனுக்கே விஷயம் விளங்கிவிடும்.

நானுஓயா அண்ணன்:
அக்கா சொன்னது சரி. அம்மா களைத்துவிட்டால் மூன் பிளேன்ஸ் என்ற மலைப் புல்வெளிப் பக்கம் போங்கள், வாகனத்திலேயே மேலே ஏற்றிப் போவார்கள். காலையிலேயே போய்விடுங்கள், மத்தியானத்துக்குப் பிறகு மூடுபனி இறங்கினால் ஒன்றும் தெரியாது.

ஹட்டன் தம்பி:
நன்றி அக்கா, அண்ணன். அட்டை கடிக்குமா?

ஹாவாஎலிய அக்கா:
மழை பெய்திருந்தால் கடிக்கும். நீளக் காலுறை போட்டு, சவர்க்காரத்தை அதன்மேல் பூசிக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு ஒரு கம்பும் எடுத்து வாருங்கள், ஈரத்தில் வேர்கள் வழுக்கும்.