சோலார் ஓடும்போது குளத்தில் விடாமல் காற்றுக் குமிழி: பம்ப் வேகம் எவ்வளவு வைக்கலாம்?

கேள்வி

வணக்கம். இடம் கலிஃபோர்னியா, சான் ரமோன். குளம் 16க்கு 32 அடி, சுமார் 18,000 கேலன். கூரையில் குளத்துத் தண்ணீரைச் சூடாக்கும் 4க்கு 12 அடி கறுப்பு பிளாஸ்டிக் சோலார் பேனல் எட்டு. பேனலின் உச்சி பம்பிலிருந்து 22 அடி உயரம். வேரியபிள் ஸ்பீட் பம்ப், 3450 ஆர்.பி.எம். வரை போகும். அதன் டைமரில் காலை 9 முதல் மாலை 4 வரை 1800 வைத்திருக்கிறேன். சோலார் கன்ட்ரோலர் தனி, அதற்கும் பம்புக்கும் இணைப்பே இல்லை.

தண்ணீரைக் கூரைக்குத் திருப்பும் சோலார் வால்வு திரும்பியதிலிருந்து, ரிட்டர்ன் வாயில் (தண்ணீர் குளத்துக்குத் திரும்பும் இடம்) குமிழி நிற்பதே இல்லை. 2800 வைத்தால் நிற்கிறது, ஆனால் 1250 வாட் இழுக்கிறது. 1800ல் 350 வாட்தான். இன்னொன்று, நல்ல உச்சி வெயிலிலும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சோலார் ஆன், ஆஃப் ஆகிறது. பார்க்க வந்த ஆள், கூரையில் இருக்கும் வேக்யூம் ரிலீஃப் வால்வை எடுத்துவிட்டு மூடி போட்டால் சரியாகிவிடும் என்கிறார். செய்யலாமா?

பதில் 1

தயவுசெய்து மூடி போடாதீர்கள். பம்ப் நின்றதும் கூரையிலிருக்கும் தண்ணீர் கீழே இறங்கும். அந்த இடத்துக்குக் காற்றை உள்ளே விடுவதுதான் அந்த வால்வின் வேலை. அது இல்லையென்றால் 22 அடி நீர்த்தம்பம் கீழிருந்து இழுக்கும், கிட்டத்தட்ட 9.5 பி.எஸ்.ஐ. வெயிலில் இளகியிருக்கும் பிளாஸ்டிக் குழல்கள் அப்படியே சப்பிப்போகும்.

குமிழி எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். சோலார் ஓடும்போது பம்பின் கண்ணாடி மூடி வழியாகக் கூடையைப் பாருங்கள். அங்கே காற்று சுழன்றால் கோளாறு உறிஞ்சும் பக்கம்: மூடியின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்), ஸ்கிம்மரில் (குளத்தின் மேல்மட்டத் தண்ணீரை இழுக்கும் வாய்) குறைந்த தண்ணீர், பம்புக்கு முந்தைய யூனியன் (கழற்றி மாட்டும் குழாய் இணைப்பு). கூடை காற்றில்லாமல் நிரம்பியிருந்தால், ரிட்டர்ன் குழாயின் பால் வால்வைக் கால்வாசி மூடிப் பாருங்கள். இரண்டு நிமிடத்தில் குமிழி நின்றால் காற்று வருவது கூரை வால்வு வழியாகத்தான். முழுக்க மூடிவிடாதீர்கள். அதை நிரந்தரத் தீர்வாக விட்டுவிடவும் வேண்டாம், மின்சாரம் வீண்.

பதில் 2

1800 ஏன் போதாது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. வேகத்தோடு ஓட்டம் நேர்விகிதத்தில் மாறும். அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில், மின்சாரம் கனத்தில். உங்கள் பம்ப் 3450ல் அதிகபட்சம் 90 அடி தூக்கும் என்று வைத்துக்கொண்டால் (சரியான எண்ணைக் கையேட்டு வரைபடத்தில் பாருங்கள்), 1800ல் அது 24 அடி சொச்சம். தண்ணீர் உச்சியைத் தொடும், அவ்வளவுதான். வால்வை அழுத்தி மூடிவைக்க மிச்சம் எதுவும் இல்லை.

ஃபில்டர் மேலுள்ள அழுத்தக் கேஜிலேயே இதைப் படிக்கலாம். 2.31 அடிக்கு 1 பி.எஸ்.ஐ. என்றால் 22 அடிக்கு 9.5. ஃபில்டரிலும் ஏறும் குழாயிலும் போகும் இழப்பையும் சேர்த்தால், கேஜ் 12 காட்டினால்தான் உச்சியில் வால்வு மூடியிருக்கும்.

குறைந்தபட்ச வேகத்தை இப்படிப் பிடியுங்கள். ஃபில்டருக்குள் இருக்கும் கேட்ரிட்ஜைக் கழுவிவிட்டு 2800ல் ஐந்து நிமிடம் ஓட்டுங்கள், பேனலில் உள்ள காற்று வெளியேறட்டும். பிறகு 100 ஆர்.பி.எம். குறைத்து ஐந்து நிமிடம் பார்ப்பது, மறுபடி 100 குறைப்பது. குமிழி வந்த வேகத்துக்கு மேல் 150 கூட்டி அங்கேயே நிறுத்துங்கள். கேட்ரிட்ஜ் அழுக்கேற ஏற, அதே வேகத்தில் கூரைக்குப் போகும் அழுத்தம் குறையும். அந்த 150 அதற்காகத்தான். சில வாரம் கழித்துக் குமிழி திரும்பி வந்தால் வேகத்தைக் கூட்டாதீர்கள், ஃபில்டரைக் கழுவுங்கள்.

ஓட்டம் சதுர அடிக்கு நிமிடம் 0.1 கேலன் போதும். உங்கள் 384 சதுர அடிக்கு 38 கேலன். மீட்டர் இல்லாவிட்டால் போகிற தண்ணீருக்கும் வருகிற தண்ணீருக்கும் வெப்ப வித்தியாசம் பாருங்கள்: நல்ல வெயிலில் 3 முதல் 5 டிகிரி ஃபாரன்ஹீட். திரும்பும் தண்ணீர் கையில் சூடாகப் பட்டால் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள், அது தப்பு. 10 டிகிரி ஏறுகிறது என்றால் ஓட்டம் போதவில்லை, பேனல் தன் சூட்டைக் காற்றில் விட்டுக்கொண்டிருக்கிறது.

பதில் 3

ஆன்-ஆஃப் பற்றி. கூரை சென்சாரைப் பேனல் மேலேயோ திரும்பும் குழாயிலோ கட்டியிருந்தால், தண்ணீர் ஓடியதும் சென்சார் குளிர்ந்துவிடும், கன்ட்ரோலர் வெயில் போய்விட்டது என்று நிறுத்தும், காய்ந்ததும் மறுபடி ஆரம்பிக்கும். சென்சார் பேனலைத் தொடாமல், அதற்குப் பக்கத்தில் கூரையில், அதே வெயிலில் இருக்கட்டும். குளத்துச் சென்சார் பம்புக்கும் ஃபில்டருக்கும் நடுவில் இருப்பது சரி. ஆனால் வெயில் படும் குழாயானால் பம்ப் சில நிமிடம் ஓடிய பிறகுதான் அது சொல்வதை நம்பலாம். இரண்டும் 10 கிலோ ஓம் ரகம் என்றால், கழற்றி மீட்டரில் பாருங்கள்: 77 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 10, 86ல் சுமார் 8, 104ல் சுமார் 5.3 கிலோ ஓம். கூரை இணைப்பு துருப்பிடித்தால் ஓம் கூடும், கன்ட்ரோலர் அதைக் குளிர் என்று படிக்கும்.

பம்புக்குச் செய்தி சொல்ல: பம்பில் வெளி உள்ளீடு இருந்தால், 24 வோல்ட் ஏசி காயில் ரிலே ஒன்று வாங்குங்கள். சோலார் வால்வைத் திருப்பும் மோட்டாரான ஆக்சுவேட்டருக்கு மூன்று கம்பி வரும், அதில் ஒன்று காமன் (பொதுக் கம்பி). காமனுக்கும் மற்ற இரண்டில் ஏதோ ஒன்றுக்கும் நடுவே எப்போதும் 24 வோல்ட் இருக்கும். சோலார் ஆனில் எது உயிரோடு இருக்கிறது என்று மீட்டரில் பார்த்து, காயிலை அதற்கும் காமனுக்கும் கொடுங்கள். ரிலேயின் காண்டாக்ட் பம்பின் உள்ளீட்டுக்கு. கையேடு சொல்லாமல் அந்த 24 வோல்ட்டை நேராகப் பம்பில் கொடுத்துவிடாதீர்கள், போர்டு போய்விடும்.

கூரையை நிரப்ப முதலில் அதிக வேகம் தேவை. பம்பின் சொந்த பிரைமிங் (தொடக்கத்தில் அதிக வேகத்தில் ஓடித் தண்ணீரை நிரப்புவது) அது புதிதாக ஸ்டார்ட் ஆகும்போது மட்டும்தான் வரும், நடுவில் வால்வு திரும்பும்போது வராது. சோலார் ஆனதும் எண்ணத் தொடங்கும் 3 நிமிட டைமர் ரிலே போட்டு, முதல் ரிலேயின் காண்டாக்ட் வழியாக, அதன் மூடிய காண்டாக்டை (நேரம் முடியும்வரை இணைந்திருப்பது) 2800க்கும், திறந்த காண்டாக்டை (நேரம் முடிந்ததும் இணைவது) ஓட்ட வேகத்துக்கும் கொடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு உள்ளீடுதான் வரும், குழப்பம் இல்லை.

கேட்டவர்

நன்றி. கூடையில் காற்று இல்லை. ரிட்டர்னைக் கால்வாசி மூடியதும் குமிழி நின்றது. 2200ல் மறுபடி வந்தது, 2350ல் நிறுத்தியிருக்கிறேன்: கேஜ் 13, மின்சாரம் 760 வாட். சென்சார் பேனல் மேல்தான் கட்டியிருந்தது. 760ஐ இன்னும் குறைக்க வழி உண்டா?

பதில் 1

உண்டு. வேக்யூம் ரிலீஃப் வால்வு கூரை உச்சியில் இருப்பதால்தான் இவ்வளவு வேகம் கேட்கிறது. அதைக் கழற்றி, கூரைக்கு ஏறும் குழாயில், பேனலின் அடியில் ஓடும் ஹெடர் குழாய்க்குக் கீழே இறவாரத்தை ஒட்டி மாற்றுங்கள். திரும்பும் குழாயில் வேண்டாம். அங்கே உயரம் 14 அடி என்றால் 6 பி.எஸ்.ஐ. மட்டும் கடந்தால் போதும், உச்சிப் பகுதியைத் திரும்பும் குழாயே சைஃபனாக இழுத்துக்கொள்ளும். 2000 பக்கம், 500 வாட்டில் ஓடலாம். மாற்றியபின் இரண்டைச் சோதியுங்கள்: பம்பை நிறுத்தினால் வால்வு காற்றை உறிஞ்சும் சத்தம் கேட்க வேண்டும், புது வேகத்தில் வெப்ப ஏற்றம் 5 டிகிரியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் 100 கூட்டுங்கள்.